கட்டில் சோதனை

எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. சட்டையில் பித்தான் அறுந்தால் ஊக்குதான் குத்திக்கொள்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் தையலைப் பற்றி வாய் ஓயாமல் பேசப்போகிறேன். நான் சலவைக்கடைக்காரி. வீட்டில் இரண்டு அண்ணன்களுக்கு ஒரே தங்கை, அதனால் இரண்டு அண்ணிகளுக்கும் ஒரே நாத்தனார். நாத்தனார் என்றாலே குடும்பத்தில் சிண்டு முடிபவள் என்று ஒரு பேர் உண்டு. எனக்கு அந்தச் சிரமமே வைக்காமல், இவர்கள் இரண்டு பேரும் ஒரு போர்வையைச் சாக்காக வைத்துத் தாங்களாகவே முட்டிக்கொண்டார்கள்.

போர்வை என்றால் கடையில் மடித்து வைத்து விற்கிற சமாசாரம் இல்லை. துண்டு துண்டாக வெட்டிய துணிகளைச் சேர்த்து ஒரு மேல்துணி ஆக்கி, அடியில் இன்னொரு துணி விரித்து, நடுவில் பஞ்சைப் பரப்பி, மூன்றையும் சேர்த்துத் தைக்கிற ஒட்டுப்போர்வை. பெரிய அண்ணி அதை மட்டும்தான் போர்வை என்பார். மற்றதெல்லாம் அவருக்குத் துணி. கம்பளி ஒரு துணி, படுக்கை விரிப்பு ஒரு துணி, நான் ஆசைப்பட்டு வாங்கிய பூப்போட்ட சால்வையும் ஒரு துணி. அவர் வாயிலிருந்து 'போர்வை' என்ற சொல்லை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை இருக்கிறது. பெரிய அண்ணன் எலெக்ட்ரீஷியன். யார் வீட்டிலோ வேண்டாம் என்று கழற்றிப்போட்ட கதவைக் கொண்டுவந்து, கால் வைத்துப் படுக்கப்போட்டு மேஜையாக்கினார். தாழ்ப்பாள் இருந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் ஊசி விழாத நாள் கிடையாது. ஜன்னல் பக்கம் பெரிய அண்ணி கையால் தைப்பார். மறுகோடியில் சின்ன அண்ணியின் மெஷின். மெஷின் ஓடினால் கதவு முழுக்க அதிரும், பெரிய அண்ணியின் ஊசி தடம் மாறும். "நிறுத்து" என்பார். "சரிக்கா" என்று இவள் நிறுத்துவாள். ஊசியில் நூல் ஏறியதும் "ம்" என்பார். மறுபடி மெஷின் ஓடும். இந்த "நிறுத்து", "சரிக்கா", "ம்" மூன்றையும் கேட்டுக்கொண்டே நான் சாயங்காலம் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருப்பேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த நேரத்துக்காகத்தான் நான் கடையைச் சீக்கிரம் சாத்துவேன்.

சின்ன அண்ணி என்னைவிட வயதில் இளையவள். முறைக்கு அண்ணி, மற்றபடி கூட்டாளி. பல் டாக்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் வெறும் இடத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கும் என்பாள். அவள் தைப்பதும் அப்படித்தான். பெரிய அண்ணியின் போர்வையில் விரல் வைக்க இடம் இருக்காது; நட்சத்திரத்துக்குள் நட்சத்திரம், அதற்குள் கட்டம். சின்ன அண்ணியின் துணியில் பாதிக்கு மேல் காலியாகவே கிடக்கும். எங்கேயோ ஒரு மூலையில் ஒரு துண்டு தனியாக நிற்கும்.

இருவரில் யார் உசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள். பெரிய அண்ணியின் போர்வைகளை நான்தான் துவைக்கிறேன். ஈரத்தோடு வெயிலில் பிடித்துப் பார்த்தால் தையல் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். முன்பக்கம் எப்படியோ பின்பக்கமும் அப்படியே. ஒரு புள்ளி பெரிசு, ஒரு புள்ளி சிறிசு என்பது கிடையாது. இந்தக் கையை எப்படிப் படைத்தார்கள் என்று கொடியடியில் நின்று வாய் பிளந்திருக்கிறேன். சின்ன அண்ணியின் துணியை விரித்தாலோ எனக்கு மூச்சு ஆழமாக வரும். அது எதனால் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நூலகத்து மாடியில் ஒரு கூடம் உண்டு. அங்கேதான் போர்வைக்காரர்கள் கூடுவார்கள். வருஷத்துக்கு ஒரு கண்காட்சி. அதில் எது மாட்டலாம், எது கூடாது என்று தீர்ப்புச் சொல்வது பெரிய அண்ணி. யாரும் அவரை நியமிக்கவில்லை. அவர் சொன்னால் சரியாக இருந்தது, அதனால் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"மூணு அடுக்கு இருக்கணும். மூணையும் குத்திக்கிட்டு ஏறி இறங்குற தையல் இருக்கணும். ஒரு மனுஷன் போர்த்திக்கிட்டுத் தூங்கணும். நான் என்ன கோட்டையா கட்டச் சொல்றேன்?" என்பார்.

தூங்குவது என்ற மூன்றாவது விதி பிறகு வந்தது. ஒரு வருஷம் யாரோ ஒரு பெரிய மீன் போட்ட போர்வையைக் கொண்டுவந்தார்கள். செதில் செதிலாக அப்படி ஒரு அழகு. கண்காட்சி தொடங்கிய அன்று வந்தவர்களில் ஒருத்தர் தெரியாமல் அதன்மேல் சாய்ந்தார். மீனின் வால் கையோடு வந்துவிட்டது. பார்த்தால், மொத்தமும் பசை போட்டு ஒட்டியது, தைத்ததே இல்லை. பெரிய அண்ணிக்கு அவமானம் தாங்கவில்லை. அடுத்த வருஷமே கூடத்தின் நடுவில் ஒரு இரும்புக் கட்டில் வந்துவிட்டது.

கட்டில் சோதனை என்று அதற்குப் பேர். அன்றைக்கு என் கடையிலிருந்து வெள்ளை விரிப்பு போகும். பெரிய அண்ணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் படுப்பார். போர்வையைக் கழுத்துவரை போர்த்துவார்கள். கண்ணை மூடிக்கொள்வார். சுற்றி எல்லோரும் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வந்த மாதிரி நிற்பார்கள். வலப்பக்கம் ஒரு தடவை புரள்வார், இடப்பக்கம் ஒரு தடவை. சரசரக்கிறதா, நழுவுகிறதா, பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா என்று பார்ப்பார். எழுந்து உட்கார்ந்து ஒரே ஒரு சொல்தான் சொல்வார்: 'போர்வை', இல்லையென்றால் 'துணி'.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெளியே யாருக்கும் தெரியாது, வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். பெரிய அண்ணியால் இப்போதெல்லாம் போர்வையே போர்த்திக்கொள்ள முடிவதில்லை. மாதவிலக்கு நிற்கிற வயசு. உடம்புக்குள் யாரோ அடுப்பை மூட்டி, நினைத்தபோது ஊதிவிடுவது போல இருக்கிறது என்பார். ஃபேன் முழு வேகத்தில் சுற்ற வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மேலே ஒரு மெல்லிய துண்டைப் போட்டால்கூட உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். எதுவும் மேலே இல்லாமலும் அவருக்குத் தூக்கம் வராது; ஆயுசு முழுக்கக் கனத்துக்கு அடியில் தூங்கிய உடம்பு. பக்கத்தில் பெரிய அண்ணன், பெண்டாட்டி தைத்த இரண்டு போர்வைகளைப் போர்த்தி, காதுவரை குல்லாவும் இழுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு கிடப்பார். போன மழைக்காலத்திலிருந்து அண்ணி ஒழுங்காகத் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. "வெளியில சொல்லிடாதே. போர்வைக்காரிக்குப் போர்வை ஆகலைன்னா சிரிக்க மாட்டாங்க?" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

சின்ன அண்ணி ஏற்கனவே இரண்டு தடவை தோற்றவள். முதல் தடவை மேல்துணியை மட்டும் தைத்து நீட்டினாள். அடுக்கும் இல்லை, பஞ்சும் இல்லை. "துணி" என்றார் பெரிய அண்ணி. அது நியாயம்தான். அடுத்த தடவை மூன்று அடுக்கும் வைத்தாள், ஆனால் தைப்பதற்குப் பதிலாக அங்கங்கே கம்பளி நூலால் முடிச்சுப் போட்டு நிறுத்தினாள். பெரிய அண்ணி புரண்டதும் பஞ்சு எல்லாம் ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. "மெத்தைக்காரர் போடுற முடிச்சும்மா இது. துணி" என்றார். இவள் சிரித்துக்கொண்டே மடித்து எடுத்து வந்தாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருந்தாள்.

இந்த வருஷம் அவள் கட்டிய கங்கணமே வேறு. "இந்தத் தடவையும் துணின்னு சொல்லிட்டாங்கன்னா, மெஷினை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன் சலவைக்காரம்மா. இங்கே உக்காந்து தைக்க மாட்டேன்" என்றாள் என்னிடம்.

"கண்காட்சியில மாட்டாட்டி என்ன, வீட்டுல மாட்டிக்கோயேன்."

"மாட்டுறதுக்கு இல்ல. அவங்க வாயால போர்வைன்னு சொல்லணும். தெனம் பக்கத்துல உக்காந்து தைக்கிறேன். அவங்க பண்றதும் நான் பண்றதும் ஒண்ணுன்னு அவங்களே சொல்லலைன்னா நான் எதுக்கு அந்த மேஜையில இருக்கேன்?"

எனக்குச் சுருக்கென்றது. மெஷின் மாடிக்குப் போய்விட்டால் "நிறுத்து"வும் இல்லை, "சரிக்கா"வும் இல்லை. சோபாவில் படுத்து நான் எதைக் கேட்பது? அதனால்தான் சொல்கிறேன், அந்தப் போர்வையில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

போதாததற்கு, எனக்கு ஒரு ரகசியமும் தெரிந்திருந்தது. அவள் இந்தத் தடவை நடுவில் பஞ்சு வைக்கவில்லை. மெத்தென்று இருக்கும் ஃபிளானல் துணி ஒன்றை என் கடைக்குக் கொண்டுவந்து, "நல்லா சுருங்குற வரைக்கும் துவைச்சுக் குடு" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "பஞ்சு வெச்சா சுவத்துல மாட்டும்போது தொந்தி போடுது. இது தட்டையா நிக்கும்" என்றாள். மேலுக்கும் அடிக்கும் நல்ல பருத்திதான், அதுவும் துவைத்துத் துவைத்துத் தளர்ந்த பழைய விரிப்புகள். சாம்பல் நிறத்தில் சாயம் ஏற்றினாள். மூன்றையும் சேர்த்து விரல் அகலத்துக்கு ஒரு கோடாக மெஷினில் தைத்துக்கொண்டே போனாள். தூக்கினால் கனம் இருந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. நடுவில் பஞ்சு மட்டும் இல்லை. 'இதைப் பெரிய அண்ணி கண்டுபிடிக்காமலா இருப்பார்' என்று நினைத்தேன்.

சோதனை அன்று சரியான வெயில். கூடத்து ஃபேன் சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. நான் விரிப்பைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். நூல், பித்தான் கடை வைத்திருக்கும் பட்டன் அக்கா வந்திருந்தார். சட்டம் என்றால் பெரிய அண்ணியைவிட ஒரு படி மேலே. தபால்காரர் வந்திருந்தார், கூட்டத்தில் ஆண்பிள்ளை அவர் ஒருத்தர்தான், காக்கித் துண்டுகளிலேயே பிரமாதமாக மலை மலையாகத் தைப்பார். வரிசையாகப் போர்வைகள் வந்தன. எல்லாம் கனத்த கனத்த பஞ்சு. ஒவ்வொன்றுக்கும் அடியில் படுத்து எழுந்ததும் பெரிய அண்ணியின் முகம் பழுத்த தக்காளி ஆனது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "போர்வை" என்றார். அடுத்ததற்கும் "போர்வை" என்றார். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவர் பொரிந்துகொண்டிருக்கிறார் என்று. அந்த நிலையிலும் ஒரு போர்வையைக்கூட அவசரமாகப் பார்க்கவில்லை, ஒன்றில்கூட ஒரு புரளலைக் குறைத்துக்கொள்ளவில்லை. பிடிவாதத்துக்கும் ஒரு அழகு உண்டு என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

சின்ன அண்ணியின் முறை வந்தது. அவளும் தபால்காரரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து விரித்தார்கள். முழுக்கச் சாம்பல் நிறம். வலது கீழ்மூலைக்குக் கொஞ்சம் மேலே ஒரு மஞ்சள் துண்டு, உள்ளங்கை அளவுதான், அதுவும் கோணலாக. அந்தச் சாம்பல் மேல் தையல் கோடுகள் மட்டும் மழை போல ஓடின.

பெரிய அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மீதியை எப்போ தைக்கப் போறே?"

"இவ்வளவுதான்க்கா."

"இவ்வளவு பெரிய இடத்துல ஒரே ஒரு துண்டா? அதுவும் கோணலா இருக்கே."

"கோணலா இருக்கணும்னுதான் அப்படி வெட்டினேன்."

"ம்" என்றார் அண்ணி. பின்பக்கத்தைத் திருப்பினார். முடிச்சு எங்கே என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கோடுகளின் மேல் விரலை ஓட்டினார். "ஒரு இடத்துலயும் கோடு அலையலை" என்றார். மெஷின் தையல் தையலா என்று கூட்டத்தில் முன்பு ஒரு பெரிய சண்டை நடந்தபோது, "ஊசி ஊசிதான், யார் தள்ளுறாங்கன்னு துணி கேக்காது" என்று முடித்து வைத்தவரே அவர்தான். சின்ன அண்ணியின் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. அடுத்த நிமிஷமே பெரிய அண்ணி துணியை இரண்டு விரலால் கிள்ளி உருட்டிப் பார்த்தார்.

"நடுவுல என்ன?"

"ஃபிளானல்."

"பஞ்சு?"

"இல்லக்கா. பஞ்சு வெச்சா சுவத்துல தொந்தி போடுது."

"போர்வை எதுக்குச் சுவத்துல நிக்கணும்? அதுக்குக் கட்டில் இல்லியா?"

"எல்லாப் போர்வையும் கட்டிலுக்குத்தான்னா, கண்காட்சியில ஏன்க்கா சுவத்துல மாட்டுறோம்?"

பட்டன் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். பெரிய அண்ணியை எதிர்த்து அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் பேசியதில்லை. அண்ணிக்குக் கோபம் வந்ததா, கேள்வி உறைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது அவருக்கு.

"நடுவுல பஞ்சில்லாததைப் போர்வைன்னு நான் எப்படிம்மா சொல்வேன்? துணி மேல துணி, அதுக்கு மேல துணி. இது வந்து..."

"இருங்க, இருங்க" என்று தபால்காரர் குறுக்கே விழுந்தார். "கட்டில் சோதனை முடியாம ஒரு சொல் சொல்லக் கூடாது. நீங்க போட்ட சட்டம்."

சட்டம் என்றால் பெரிய அண்ணி தனக்கே விலக்குத் தரமாட்டார். கண்ணாடியைக் கழற்றினார், படுத்தார். சின்ன அண்ணியே போர்த்திவிட்டாள். அண்ணி கண்ணை மூடினார். வலப்பக்கம் புரண்டார். சரசரப்பு இல்லை. இடப்பக்கம் புரண்டார். எதுவும் ஒதுங்கவில்லை. எப்போதும் இந்த இடத்தில் எழுந்துவிடுவார். இன்றைக்கு, அடிப்பக்கம் தலைமாட்டுக்கு வரும்படி போர்த்தியிருந்ததால் அந்த மஞ்சள் துண்டு மோவாய்க்குப் பக்கத்தில் வந்திருந்தது. கண்ணைத் திறக்காமலே அதைத் தடவினார்.

"இது என்ன?"

"நம்ம வீட்டு ஜன்னல்க்கா" என்றாள் சின்ன அண்ணி. இதை எனக்குக்கூட அவள் சொன்னதில்லை. "வேலை முடிஞ்சு வரும்போது தெருவெல்லாம் இருட்டிக் கெடக்கும். முனையில திரும்பினா நம்ம முன்னறை ஜன்னல் மட்டும் மஞ்சளாத் தெரியும். அது தெரிஞ்சாத்தான் எனக்கு வீட்டுக்கு வந்துட்ட மாதிரி இருக்கும். அப்புறம் நான் வேகமா நடக்க மாட்டேன்."

அண்ணியின் முகத்தைக் குனிந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"தூங்கிட்டாங்க" என்றேன்.

யாரும் நம்பவில்லை. பட்டன் அக்கா பக்கத்தில் வந்து பார்த்தார். தபால்காரர் கையை முகத்துக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தார். அண்ணி ஒரு குறட்டை விட்டார். சின்னதுதான், ஆனால் குறட்டை. எனக்கு எங்கிருந்தோ கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மாசக்கணக்காக இந்த மனுஷி இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. சாம்பல் போர்வை அவர் மேல் கனமாகக் கிடந்தது, ஆனால் வேர்வை அடங்கிவிட்டது. தக்காளி நிறம் போய் முகம் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. சுவரில் தொந்தி போடக் கூடாது என்று அவள் செய்த வேலை, கட்டிலில் இப்படிப் போய் விடிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இதை அவள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவளும் என்னைப் போலவே திகைத்துப்போய்க் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எழுப்ப யாருக்கும் மனசில்லை. மெல்ல நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். தபால்காரர் சத்தமில்லாமல் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார். குடித்து முடித்தோம். அண்ணி அசையவில்லை. இன்னும் சில போர்வைகள் சோதனைக்குக் காத்திருந்தன. அதில் ஒன்று பட்டன் அக்காவுடையது. அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"அவங்க தூங்கட்டும். போர்வையை மட்டும் மாத்திட்டா அடுத்ததையும் பார்த்த மாதிரி ஆச்சு" என்று கிசுகிசுத்துவிட்டு, கால்பக்கமாகப் போய் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

கழுத்துவரை இருந்தது மார்புக்கு இறங்கியது. அண்ணியின் கை சட்டென்று வெளியே வந்து அதைக் கொத்தாகப் பிடித்தது. கண் திறக்கவே இல்லை.

"யாருடி அது, என் போர்வையை இழுக்குறது?"

வீட்டில் எங்களை அதட்டுகிற அதே குரல். இழுத்துக் கழுத்துக்கு அடியில் செருகிக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

பட்டன் அக்கா கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். சின்ன அண்ணி என்னைப் பார்த்தாள். அப்படியே என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். என் ரவிக்கை நனைந்தது.

அண்ணி தானாக எழுந்தபோது ஜன்னல் வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. எழுந்து உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். கையில் இன்னும் போர்வையின் நுனி இருந்தது.

"என்ன எல்லாரும் இப்படிப் பார்க்குறீங்க?"

"தூங்கிட்டீங்க அண்ணி" என்றேன்.

"நானா?"

"குறட்டை வேற விட்டீங்க."

அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தபால்காரர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "இழுத்ததுக்கு, யாருடி என் போர்வையை இழுக்குறதுன்னு அதட்டினீங்க. போர்வைன்னு சொன்னீங்க. நாங்க எல்லாரும் கேட்டோம்."

"தூக்கத்துல சொன்னது செல்லாது. அவங்க முழிச்சிருந்து சொல்லணும்" என்றார் பட்டன் அக்கா.

பெரிய அண்ணி போர்வையை மடியில் போட்டு, மறுபடி இரண்டு விரலால் கிள்ளி உருட்டினார். நடுவில் பஞ்சு இல்லாததை மறுபடி உறுதி செய்துகொள்கிறார் என்று எனக்குப் பட்டது. சின்ன அண்ணி கட்டில் கம்பியை விடவில்லை.

"தூக்கத்துல சொன்னதுதான் செல்லும்" என்றார் அண்ணி. "போர்வை எதுக்கு இருக்கு? முழிச்சிருக்கவா?"

அப்புறம் எல்லோரையும் பார்த்து, நான் சத்தியம் செய்து காப்பாற்றிவந்த ரகசியத்தை அவரே உடைத்தார். "எனக்கு இப்போ எந்தப் போர்வையும் ஆகுறதில்ல. வேகுது. நான் தைச்சதே எனக்கு ஆகலை. மாசக்கணக்காச்சு, நான் இப்படித் தூங்கி. மூணு அடுக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அது சரிதான். நடுவுல இருக்கிறது பஞ்சாத்தான் இருக்கணும்னு நானா சேர்த்துக்கிட்டேன். இனிமே நடுவுல ஒண்ணு இருக்கான்னு மட்டும் பார்ப்போம்." சின்ன அண்ணி பக்கம் திரும்பினார். "போர்வைம்மா இது. நல்ல போர்வை."

பட்டன் அக்கா பாவம், அவருடைய போர்வையையும் அன்றே பார்த்து, அதுவும் போர்வைதான் என்று தீர்ப்பு வாங்கிக்கொண்டுதான் போனார்.

கண்காட்சி தொடங்கிய அன்று சாம்பல் போர்வையை வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தார்கள். தொந்தி இல்லாமல் தட்டையாக, ஜம்மென்று நின்றது. பக்கத்தில் பெரிய அண்ணியின் நட்சத்திரப் போர்வை. வந்தவர்கள் நட்சத்திரத்தின் முன்னால் "அம்மாடி" என்று நின்றார்கள். அங்கிருந்து நகர்ந்து சாம்பலின் முன்னால் வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டையும் துவைத்த கை இது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா சாம்பல் போர்வைக்கு முன்னால் வந்து நின்றார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெரிய அண்ணியிடம், "அழகா இருக்கு, ஆனா எனக்கு ஒண்ணும் விளங்கலை. அந்த மஞ்சள் என்னங்க?" என்று கேட்டார்.

சின்ன அண்ணியும் நானும் இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தோம். பதில் சொல்ல அவள் முன்னே போகப் பார்த்தாள். அதற்குள் பெரிய அண்ணி சொன்னார்.

"அது எங்க வீட்டு ஜன்னல். எங்க சின்னவ வேலை முடிஞ்சு வரும்போது தெருமுனையில இருந்து தெரியும்."

சின்ன அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டிலில் அவள் சொன்னதைக் கேட்காமலே அண்ணி தூங்கிவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்த அம்மா மஞ்சளுக்குப் பக்கத்தில் குனிந்தார். "விளக்கு எரியுதா உள்ளே?"

"எரியும். உள்ளே மேஜையில நான் உக்காந்து தைச்சுக்கிட்டிருப்பேன்" என்றார் பெரிய அண்ணி. "அவ வந்து மெஷினை எடுக்குற வரைக்கும் அணைக்க மாட்டேன்."